சென்சாருக்குக் கட்டிய பை

சத்தம் போடுகிற எதைக் கண்டும் எனக்குப் பயம் கிடையாது. குக்கர் விசில் அடிக்கட்டும், லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே போகட்டும், மேனேஜர் தொண்டை கிழியக் கத்தட்டும். திருப்பிக் கத்த எனக்குத் தெரியும். கத்த வேண்டிய ஒன்று கத்தாமல் கிடந்தால்தான் எனக்குப் பயம். இது பிறவியில் வந்த பயமில்லை. ஒரு பங்குனி மாதச் சனிக்கிழமை வந்தது, இன்னும் போகவில்லை.

கோவில்பட்டிக்கு வெளியே கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்த ஒரு நூல் மில்லில், பெண்பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டலுக்கு நான் வார்டன். அந்த ஹாஸ்டலைப் பஞ்சுக் குடோனை ஒட்டிக் கட்டியிருந்தார்கள். ஒட்டி என்றால் பக்கத்தில் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், இரண்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் கூரை முட்டப் பஞ்சு, இந்தப் பக்கம் வரிசையாகக் கட்டில். இப்படிக் கட்டச் சொல்லி எந்த மகராசன் புத்தி சொன்னானோ தெரியாது. நைட் ஷிப்டு முடிந்து காலையில் வருகிற பிள்ளைகள் இரண்டு இட்லியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு, அந்தச் சுவர்ப் பக்கம் தலையை வைத்துப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார்கள். எல்லாம் பதினெட்டும் இருபதும் ஆன பிள்ளைகள். ஊரிலிருந்து அவர்களைக் கொண்டுவந்து விடும் அம்மாமார்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'பாத்துக்கோங்க தாயி' என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். அந்த வார்த்தை என் தலைமேல் உட்கார்ந்திருக்கும்.

குடோனில் முதலில் புகையைக் கண்டுபிடிக்கிற கருவிதான் மாட்டியிருந்தார்கள். பஞ்சு மில்லில் தூசி இல்லாத இடம் ஏது? தூசி பட்டாலே அது அலறும். நாங்களும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம், ஒன்றும் இருக்காது. புலி வருது கதையாகிப் போனதில், கடைசியில் யாரோ ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். இன்சூரன்ஸ்காரர்கள் வந்து சத்தம் போட்ட பிறகுதான் குடோன் கூரையில் கேஸ் சென்சார் என்று ஒன்றை மாட்டினார்கள்.

மாட்ட வந்தது கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன். பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுகிற பிள்ளை. எண்ணைக் காட்டி சைரன் அடிக்கிற அதன் பெட்டியை என் அறையில் வைக்கப்போவதாகச் சொன்னான். பகலிலும் ராத்திரியிலும் அந்தக் காம்பவுண்டுக்குள்ளேயே கிடக்கிற ஜீவன் நான் ஒருத்திதானாம். 'கண்டதையும் என் தலையில கட்டுதீங்களே, இது என்னதான் செய்யும்?' என்று கேட்டேன்.

"பருத்தியிலருந்து கொட்டையைப் பிரிக்கிற ஜின்னிங் மில்லுல ஒரு தீப்பொறி பஞ்சோட சேர்ந்து அமுங்கிருச்சுன்னு வைங்க. பேலை, அதான் பஞ்சுப் பொதியை, இரும்புப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டிருவாங்க. உள்ளே காத்து இல்லை, அதனால எரியாது. அணையவும் செய்யாதுங்க. நாள் கணக்கா உள்ளுக்குள்ளயே கனிஞ்சுட்டு இருக்கும். வெளியே புகை தெரியறதுக்கு முன்னாடியே அதுலருந்து ஒரு கேஸ் வருமுங்க. அதைத்தான் இது பிடிக்கும்" என்றான்.

"எங்க மூக்குக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியாதுங்க. நிறமும் இல்லை, வாசமும் இல்லை. மூச்சுல போனா தலை கிறுகிறுன்னு வரும், தூக்கம் வர்ற மாதிரி இருக்கும். அவ்வளவுதானுங்க, முடிஞ்சிரும்."

சாதாரணமாகத்தான் சொன்னான். பிறகு பெட்டியில் மினுங்கிய எண்ணைக் காட்டினான். குடோன் வாசலுக்கு லாரி ரிவர்சில் வந்தால் அந்தப் புகைக்குக் கொஞ்சம் ஏறும், உடனே இறங்கிவிடும். 'ஏறிட்டே போய் இறங்கலைன்னா புகையைத் தேடிட்டு நிக்காதீங்க. முதல்ல ஆளுங்களை வெளியே எடுங்க, யாரும் உள்ளே போக வேண்டாம்' என்று இரண்டு தடவை சொன்னான்.

குடோனைப் பார்த்துக்கொண்டவரை மில் முழுக்க அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். ஐம்பதைத் தாண்டிய ஆள், முழங்கால் வலிக்காரர். லாரியில் வருகிற பேலை இறக்கி அடுக்குவதும், கேட்கிறபோது எடுத்துக் கொடுப்பதும் அவர் பொறுப்பு. அவர் மகளும் எங்கள் ஹாஸ்டலில்தான் இருந்தாள், நைட் ஷிப்டு. தாயில்லாத பிள்ளை. அவளுடைய கட்டில் சுவரை ஒட்டிய வரிசையில் கடைசி. குடோனுக்குள் பேலை உருட்டும்போது, 'ஏலே, பைய உருட்டு, புள்ள தூங்குதால்லா' என்று அவர் லோடுமேன்களை அதட்டுவது என் அறைவரை கேட்கும். ஒரு பிள்ளை தூங்குவதற்காக ஒரு குடோனே மூச்சை அடக்கிக்கொண்டு வேலை பார்த்ததை நான் அங்கேதான் பார்த்தேன்.

எல்லாம் இந்தச் சாம்பிராணியில் வந்த வினை. முதலாளிக்குச் சாமி பக்தி அதிகம். வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் ராகு காலத்துக்கு முன்பு மில்லுக்கு வந்து, ஆபீஸ், மிஷின், குடோன் வாசல் என்று எல்லா இடத்திலும் சாம்பிராணி காட்டச் சொல்வார். பஞ்சுக்குள் நெருப்பை எடுத்துப் போகக்கூடாது என்கிற அறிவு இருந்தது, வாசலோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் வாசலில் நின்று காட்டினாலும் புகை உள்ளேதானே போகும்? தூபக்காலில் இருக்கும் கரிக்கங்கிலிருந்து வருவதும் அதே கேஸ்தான் என்று சென்சாருக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியாது. சென்சார் மாட்டிய முதல் வெள்ளிக்கிழமையே என் அறைப் பெட்டி ஊளையிட்டது. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் தலைவிரி கோலமாக எழுந்து ஓடிவந்தார்கள்.

மேனேஜரிடம் போய், சாம்பிராணியைக் கேட்டோடு நிறுத்துங்கள் என்றேன். "சாமி காரியத்துல கை வைக்கச் சொல்லுதீங்களா? ஐயாகிட்ட யாரு சொல்ல? நீங்க சொல்லுதீங்களா?" என்று கேட்டார். நான் சொல்லவும் சொன்னேன். முதலாளி சிரித்துக்கொண்டே, 'சாம்பிராணி போட்டு எந்த மில்லும்மா எரிஞ்சிருக்கு?' என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

வழி கண்டுபிடித்தவர் அண்ணாச்சிதான். பூசைக்குக் கொஞ்சம் முன்னால் ஏணி போட்டு ஏறி, சென்சார்மேல் ஒரு பாலிதீன் பையை மாட்டி, வாயைச் சுற்றி ரப்பர் பேண்டை இறுக்கிப் போட்டுவிடுவார். பூசை முடிந்து புகை அடங்கியதும் ஏறிக் கழற்றுவார். முதல் தடவை பார்த்தபோது நான் சும்மா விடவில்லை.

"மூக்கப் பொத்திட்டு மூச்சு விடுன்னா எப்படி அண்ணாச்சி?"

"அரை மணி நேரந்தான வார்டனம்மா. ராத்திரி பூரா நின்னு வேல பாத்துட்டு வருதுக. இந்தச் சனியன் கத்துனா எம்மவளுக்குப் பெறவு தூக்கமே வராது. மிஷின்ல கைய வச்சிரப்படாதுல்லா?"

அதற்குமேல் நான் தடுக்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் விரலைக் கொடுத்த பிள்ளையை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அதோடு, மனுஷன் ஒரு வெள்ளிக்கிழமைகூடப் பையைக் கழற்ற மறந்ததில்லை. இதைப் பின்னால் எத்தனை பேரிடம் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். அவர் மறந்ததே இல்லை.

அந்தப் பங்குனியில் வெள்ளிக்கு மறுநாளே அமாவாசை வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் லாரி நிறையப் பேல் வந்து இறங்கியது. சனிக்கிழமை காலையில் இன்னொரு லாரி வந்தது. குடோன் வாசலுக்கு அது கரும்புகையைக் கக்கிக்கொண்டு ரிவர்சில் போனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காலை வெயிலே அனலாக இருந்தது, காட்டில் கரிசல் வாயைப் பிளந்து கிடந்தது. பழக்கத்தில் பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். எண் ஏறவில்லை. பூஜ்யம். ஏதோ வேலையாகப் போய்விட்டு வந்து பார்த்தேன், அப்போதும் பூஜ்யம். லாரி இன்ஜின் இன்னும் உறுமிக்கொண்டுதான் நிற்கிறது. அந்தப் பெட்டி கம்மென்று கிடந்தது.

குடோனுக்கு ஓடினேன். லாரி கிளம்பிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி வாசலில் நின்று துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பைய கழட்டலயா?"

"இன்னைக்கு அமாவாசைல்லா? ஐயா இந்தா வந்துருவாவ. திரும்பியும் கட்டணும். இந்த முட்டுவலியோட ரெண்டு தடவ ஏறணுமான்னுட்டு விட்டுட்டேன். பூச முடிஞ்சதும் ஒரேயடியா கழட்டிருதேன்."

அவ்வளவுதான் நடந்தது. வெள்ளியையும் அமாவாசையையும் அடுத்தடுத்து வைத்த பஞ்சாங்கத்தை யார் என்ன செய்ய முடியும்?

"இப்பமே ஏறுங்க. இல்லாட்டி நானே சேலையத் தூக்கிச் சொருவிட்டு ஏறுதேன்" என்றேன்.

"உங்க வாயிக்கு யாரு பதில் சொல்ல?" என்று சிரித்துக்கொண்டே ஏணியைத் தூக்கி வந்தார். நான் பிடித்துக்கொண்டேன். முனகிக்கொண்டே ஏறிப் பையைக் கழற்றினார். இறங்கி, அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நாங்கள் இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். புகை இல்லை. கருகல் வாடை இல்லை. எப்போதும் இருக்கிற பஞ்சு வாசம்தான். வாயைத் திறந்து ஏதோ சொல்லப்போனார், அதற்குள் என் அறையில் சைரன் கத்த ஆரம்பித்துவிட்டது.

"பைக்குள்ள நேத்துச் சாம்பிராணி தங்கிருக்கும்" என்றார்.

"பூசைக்கு முன்னாலல்லா பைய கட்டுனீங்க, சாம்பிராணி எப்படி உள்ள போகும்?"

அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. சத்தம் கேட்டு மேனேஜர் அரக்கப் பரக்க ஓடிவந்தார். 'ஐயா கார் வார நேரம் பாத்தா கத்த வுடுவீங்க? அது லாரிப் புகை. மறுபடியும் பையக் கட்டுங்க அண்ணாச்சி' என்றார். நான் அவரை இழுக்காத குறையாக என் அறைக்குக் கூட்டிவந்து பெட்டியைக் காட்டினேன். லாரி கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. எண்ணோ ஏறிக்கொண்டிருந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக, அவசரமே இல்லாமல், இறங்கவே இல்லை. "ஃபயர் ஸ்டேஷனுக்குப் போனப் போடுங்க. நான் புள்ளைகள எழுப்பப் போறேன்" என்றேன்.

"அமாவாசையும் அதுவுமா ஐயா வரும்போது பொம்பளப் புள்ளைகள ரோட்டுல நிறுத்தப் போறீங்களா? இது என்ன கூத்து?"

"ஆமா, நிறுத்துவேன். ஒண்ணும் இல்லன்னா நாளைக்கு என்னைய வேலைய விட்டு எடுத்துக்கிடுங்க. போனப் போடும்!"

அவர் போனை எடுத்ததைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் அண்ணாச்சி கொக்கியோடு நின்றார். பேலைக் குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கி. ஷட்டரைப் பாதிக்குமேல் இறக்கிவிட்டிருந்தார்.

"உள்ள போவாதீங்க அண்ணாச்சி. அந்தத் தம்பி படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போச்சுல்லா?"

"சூடு ஏறுனது சுவரோரத்துப் பேலா என்னன்னு தொட்டுப் பாத்துட்டு வந்துருதேன். அதுன்னா இழுத்து இங்கிட்டுப் போட்டுருதேன். ஷட்டர் தொறந்து கெடந்தா காத்து புகுந்து பத்திக்கிடும். புள்ளைக வெளிய வார மட்டும் மூடியே கெடக்கட்டும். நீங்க நிக்காதீங்க, போங்க. எம்மவ கடைசிக் கட்டில்ல கெடப்பா."

குனிந்து உள்ளே நுழைந்து ஷட்டரைக் கீழே இழுத்துவிட்டார். நான் ஹாஸ்டலுக்கு ஓடினேன்.

சைரன் அந்தக் கத்துக் கத்துகிறது, உள்ளே ஒரு பிள்ளை புரண்டு படுக்கவில்லை. பார்த்தால் எல்லோர் காதிலும் பஞ்சு. அந்த முதல் வெள்ளிக்கிழமைச் சத்தத்துக்குப் பயந்து, பை வந்த பிறகும் விடாமல், மில்லிலிருந்தே எடுத்துவந்து அடைத்துக்கொள்ளப் பழகியிருக்கிறார்கள். மேலே போர்வை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. போர்வையை உருவினேன், தோளைப் பிடித்து உலுக்கினேன், சிலரைக் கன்னத்தில் தட்டினேன். 'எந்திரிங்கட்டி! எதையும் எடுக்காதீங்க! ஓடுங்க!' என்று நான் கத்தியது அவர்களுக்குக் கேட்டிருக்காது, என் முகத்தைப் பார்த்துத்தான் ஓடினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் எதையோ இழுக்கிற சத்தம் வந்தது. இழுப்பதும், நிற்பதும், மறுபடி இழுப்பதுமாக. கடைசிக் கட்டிலில் அண்ணாச்சி மகள் கண்ணைத் திறக்காமலே, "இன்னைக்கும் சாம்பிராணியாக்கா?" என்றாள். கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன். அவளை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் கவனித்தேன், அந்தப் பக்கத்துச் சத்தம் நின்றிருந்தது.

பிள்ளைகளை ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்ப மரத்தடியில் நிறுத்தி எண்ணினேன். ஒருத்தியும் குறையவில்லை. குடோன் வாசல் மில்லின் பின்பக்கம் இருந்ததால் அங்கிருந்து எதுவும் தெரியாது. நான் மட்டும் திரும்பி ஓடினேன்.

ஷட்டர் மூடியபடியே இருந்தது. தட்டினேன், கூப்பிட்டேன். லோடுமேன்கள் வந்து தூக்கினார்கள். அடுப்பைத் திறந்தாற்போல் ஒரு சூடு முகத்தில் அடித்தது, அப்போதும் புகையில்லை. அண்ணாச்சி ஒரு பேலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் கொக்கி. முகம் நன்றாகச் சிவந்து, நோய் நொடி தெரியாத மனிதனைப்போல இருந்தார். கொஞ்சம் கண்ணசந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். சுவரோரம் மூன்று நான்கு பேல் இருந்த இடம் காலியாக இருந்தது. லோடுமேன்கள் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்து அவரை வெளியே இழுத்துப் போடவும், அவர் சுவரை விட்டு இழுத்து வைத்திருந்த பேலில் ஒன்று குப்பென்று பற்றவும் சரியாக இருந்தது. ஆம்புலன்சில் வந்தவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், நெஞ்சை அமுக்கிப் பார்த்தார், வெகுநேரம் அமுக்கினார். பிறகு எழுந்து நின்றுவிட்டார்.

அப்புறம் நடந்ததை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். தீயணைப்பு வண்டிகள் வந்து அடிக்க அடிக்கக் குடோன் சாயங்காலம் வரை எரிந்தது. ஹாஸ்டலின் கூரை விழுந்தது, அதற்குள் பிள்ளைகள் வெளியேறி வெகுநேரம் ஆகியிருந்தது. சுவரோரத்துப் பேலை அவர் இழுக்காமல் விட்டிருந்தால் அந்த நேரம் கிடைத்திருக்குமா என்று தீயணைப்புக்காரரைக் கேட்டேன். 'சொல்ல முடியாதும்மா' என்றார். விசாரணைக்கு வந்தவர்கள் பையைக் கட்டியது யார் என்று கேட்டார்கள், மேனேஜர் யோசிக்காமல் பதில் சொன்னார். செத்தவன் திரும்பி வந்து பேசவா போகிறான்? சாம்பிராணி போடச் சொன்னது யார் என்று கேளுங்கள் என்று நான் நடு ஆபீசில் நின்று கத்தினேன். யாரும் கேட்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதேபோல ஹாஸ்டலைத் தள்ளிக் கட்டினார்கள், கூரைக்குக் கூரை சென்சார் மாட்டினார்கள். சாம்பிராணியும் கேட்டோடு நின்றது. அதைப் பார்க்க நான் அங்கே இல்லை, அந்த மாதமே வேலையை விட்டுவிட்டேன்.

இதையெல்லாம் யார் கேட்டாலும் சொல்லிவிடுகிறேன். ஆம்புலன்ஸ்காரர் எழுந்து நின்றதற்குப் பிறகு நான் ரோட்டைத் தாண்டிப் போனதைத்தான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பிள்ளைகள் எல்லோரும் அண்ணாந்து மில்லுக்கு மேலே எழும்பிய புகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சைரன் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அண்ணாச்சி மகள் வெறுங்காலோடு, சூட்டுக்குக் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தாள். பிள்ளைகள் எல்லோரையும் எழுப்பிவிட்டேன் என்று அவளுக்கு என்மேல் ஒரு பிரியம், முகத்தில் தெரிந்தது. நான் அவள் தோளில் கை வைத்து ஒரு வார்த்தை சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை. காதைத் தொட்டுக் காட்டி, 'இருங்கக்கா' என்றாள்.

இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "இப்பம் கேக்குது, சொல்லுங்கக்கா" என்றாள்.